கிணற்றின் ஹரீம்

தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பது பற்றிய ஃபிக்ஹுப் பாடத்தில் 'ஹரீம்' என்றொரு சொல் வரும். ஒருவரது கிணற்றைச் சுற்றிப் பிறர் தோண்டலாகாத எல்லை. ஹனஃபி நூல்களில் அது நாற்பது முழம். பல்லாண்டுகள் இதை ஓதிக் கொடுத்திருக்கிறேன். அதன் கனம் விளங்கியது, ஓமானில் நிஸ்வாவை அடுத்த ஃபலஜ் தாரிஸ் கால்வாயின் கரையில் நின்றபோதுதான்.

ஃபலஜ் என்ற சொல்லின் வேரே பிளத்தல், பங்கிடுதல் என்பதாகும். சரிவில் தானாக ஓடிவரும் நீர் முதலில் குடிப்பதற்கு, பின் பள்ளிவாசலுக்கு, அடுத்துப் பேரீச்சந் தோப்புகளுக்கு, எஞ்சியதே பருவப் பயிர்களுக்கு. வறட்சியில் வயல்களைத் தரிசாக விட்டு மரங்களைக் காப்பார்கள். பங்கு நேரத்தால் அளக்கப்படும். ஏறத்தாழ அரைமணிக்கு 'அதர்' என்று பெயர். பகலில் நட்ட கோலின் நிழலும் இரவில் விண்மீன்களுமே கடிகாரம். பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்த பங்குகளும் உண்டு. (நம்மூர் வக்ஃபு நிலங்களின் கதையை இங்கே எடுக்க வேண்டாம்!)

2006இல் யுனெஸ்கோ ஐந்து ஃபலஜ்களை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. ஆயினும் பம்புகள் வந்தபின் நிலத்தடி நீர் இறங்கிப் பல வற்றிவிட்டன. வெகு தொலைவிலிருந்தே உறிஞ்சும் இயந்திரத்துக்கு நாற்பது முழம் எம்மாத்திரம்?

இவ்வாண்டு அப்பாடம் வந்தபோது ஒரு மாணவன் இதையே கேட்டான். மறுநாள் சொல்வதாகக் கூறிக் கிதாபை மூடினேன்.