வடாலாவும் கடலுக்கு அக்கரையும்

வடாலாவை அறியாத தமிழன்பர் இந்நகரில் இரார். மாதுங்காவிலிருந்து கூப்பிடு தூரம். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் எளிதில் வந்து சேரலாம். உப்பளங்களும் லாரி நிலையமும் துறைமுகத்தார் குடியிருப்புகளும் இங்கே அருகருகே கிடக்கின்றன. ஆயினும் இவ்வூர் பெரியதொரு துறைமுகத்தின் கொல்லைப்புறம் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1915ஆம் ஆண்டில் துறைமுகத்தாரின் சொந்த ரயில்பாதை பாலார்டு பியரிலிருந்து வடாலா வரை திறக்கப்பட்டது. கப்பலில் இறங்கிய சரக்கு வடாலா யார்டில்தான் நாட்டின் மற்ற ரயில் பாதைகளோடு சேர்ந்தது. அந்நாளில் இந்தியாவின் உட்பகுதிகளுக்கு அனுப்பப்பட்ட பண்டங்களில் எத்தனையோ இவ்வூரைக் கடந்தே சென்றன.

சில மாதங்களாக நம் சங்கத்தில் துறைமுகப் பங்குகளைப் பற்றிய பேச்சு மிகுந்திருக்கிறது. நாலு பேர் கூடினால், துறைமுகத்தில் பணம் போட்டால் பெருகுமாமே என்கிறார்கள். பத்திரிகையில் பார்த்துப் பேசுவதைவிட நேரில் கண்டு வருவது நலம் என்று கருதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டேன். நான் சரக்குப் பிரிவுக் குமாஸ்தா. பங்குச்சந்தைப் பண்டிதனல்லன், வாகன்கள் எங்கே நிரம்புகின்றன, எங்கே காலியாக நிற்கின்றன என்பது மட்டும் எனக்கு ஓரளவு தெரியும்.

ஹார்பர் லைனில் வடாலாவிலிருந்து தெற்கே செல்லும்போது ஸ்டேஷன்களின் பெயர்களே சரித்திரம் சொல்லும். சிவடி, பஞ்சுக் கிடங்குகளால் பெயர் பெற்ற காட்டன் கிரீன், ஒரு கவர்னரின் பெயரைத் தாங்கிய ரே ரோடு, அப்பால் டாக்யார்டு ரோடு. 1925 பிப்ரவரி 3ஆம் நாள் இந்தியாவின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து இந்த வழியாகவே குர்லாவுக்கு ஓடியது. வண்டியின் இடப்புறம் பார்த்தால் நெடுகக் கிடங்குகள். பலவற்றின் கூரையில் செடி முளைத்திருக்கிறது. இவற்றின் சொந்தக்காரரான துறைமுகத்தார் நகரத்தின் பெரிய நிலச்சொந்தக்காரர்களில் ஒருவர். கப்பல் குறைந்தாலும் நிலம் குறையவில்லை.

கப்பல் ஏன் குறைந்தது? 1880இல் திறந்த பிரின்ஸஸ் துறையிலும் 1888இல் திறந்த விக்டோரியா துறையிலும் கப்பல் நுழையக் கடல் பெருகும் வேளைக்குக் காத்திருக்க வேண்டும். சாக்கு மூட்டையும் மரப்பெட்டியும் ஏற்றிய காலத்தில் அது பெருங்குறையாக இல்லை. கன்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டகம் வந்ததும் நிலைமை மாறிற்று. அவற்றைச் சுமக்கும் பெருங்கப்பல்களுக்குச் சுமார் 15 மீட்டர் ஆழம் வேண்டும்; கரையில் பரந்த முற்றம் வேண்டும்; லாரி வெளியேற அகன்ற பாதை வேண்டும். நகரத்தின் நெரிசலுக்குள் இம்மூன்றுக்கும் இடமேது? 1989 மே 26ஆம் நாள் எதிர்க்கரையில் நவா சேவாத் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. பெட்டகங்கள் மெல்ல மெல்ல அக்கரைக்குக் குடிபோயின.

போன வர்த்தகத்தைத் திரும்பப் பிடிக்க இக்கரையில் ஒரு முயற்சியும் நடந்தது. 2007இல் தனியார் கூட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் புதிய பெட்டக முனையம் கட்ட உரிமை தரப்பட்டது. பெட்டகங்களை அடுக்குவதற்காகப் பிரின்ஸஸ், விக்டோரியா துறைகளையே தூர்த்தார்கள். 1944 ஏப்ரல் 14ஆம் நாள் வெடிமருந்துக் கப்பல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்களே, அந்த விக்டோரியா துறைதான். கப்பல் நிற்கும் மேடை எழும்பிற்று. எதிர்பார்த்த பெட்டகக் கப்பல்கள் வரவில்லை. பின்னர் அம்மேடை மோட்டார் கார்களையும் இரும்பையும் ஏற்றப் பயன்பட்டது. துறைமுகத்தில் போட்ட பணம் எப்படி முடங்கும் என்பதற்கு இதைவிட அண்மையான உதாரணம் நமக்கு வேண்டியதில்லை.

டாக்யார்டு ரோட்டில் இறங்கி, பாவுச்சா தக்கா என்னும் படகுத்துறைக்கு நடந்து, மோரா செல்லும் படகில் ஏறினேன். மீன் கூடைக்காரிகள், உரண் வியாபாரிகள், இரண்டு ஆடுகள், நான். கடல் வற்றிய வேளைகளில் மோராவுக்குப் படகு நிறுத்தப்படுவதும் உண்டு. ஆழமில்லாக் கரையின் பாடு அதுதான்! வடக்கே பார்த்தால், சிவடியிலிருந்து அக்கரைக்குப் போகும் அடல் சேது கடலின்மேல் கோடு கிழித்தாற்போல் தெரிகிறது. 2024 ஜனவரியில் திறந்த அப்பாலம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நீளம். மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் அதில் இடமில்லை.

மோராவிலிருந்து உரண் வழியாகத் துறைமுகச் சாலைக்குப் போனேன். டிரெய்லர் லாரிகளின் வரிசை கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றது. சாலையோரத்தில் டீக்கடை, டயர் கடை, பாரம் நிறுக்கும் மேடை. 2024-25ஆம் ஆண்டில் இத்துறைமுகம் கையாண்ட பெட்டகங்கள், இருபதடிக் கணக்கில், 70 லட்சத்துக்கு மேல். ஆனால் துறைமுகத்தார் தாமே அவற்றை ஏற்றி இறக்குவதில்லை. 1997இல் ஓர் அயல்நாட்டுக் கம்பெனிக்கு 30 ஆண்டு உரிமை தந்து தொடங்கிய முறை வளர்ந்து, 2022இல் முனையங்கள் யாவும் தனியார் கைக்குப் போயின. துறைமுகத்தார் வீட்டுக்காரர்; முனையக் கம்பெனி குடித்தனக்காரர். தவணை முடிந்தால் குடித்தனக்காரர் சாவியைத் திருப்பித் தரவேண்டும். ஆகவே துறைமுகக் கம்பெனியின் பங்கை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது உரிமையில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி, வருமானத்தில் எவ்வளவு பங்கு வீட்டுக்காரருக்குப் போகிறது என்பதே. பளபளக்கும் கிரேனைப் படம் பிடித்துப் போட்டால் நாம் மயங்கிவிடுகிறோம்.

சந்தை விலை வேறு, துறைமுகம் வேறு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். முந்திராத் துறைமுகத்தின் பங்கு 2007இல் 440 ரூபாய்க்கு வெளியிடப்பட்டு, முதல் நாளே இரு மடங்குக்கு மேல் ஏறியது. 2023 ஜனவரியில் ஓர் அமெரிக்க நிறுவனம் அக்குழுமத்தின்மேல் குற்றம் சாட்டி அறிக்கை வெளியிட்டபோது சில நாட்களில் கடுமையாகச் சரிந்து, பின்பு மீண்டது. அந்நாட்களிலும் துறைமுகத்துக்குக் கப்பல் வந்துகொண்டுதான் இருந்தது. மகளின் கல்யாணத்துக்கு வைத்த பணம் அந்த வாரத்தில் தேவைப்பட்டிருந்தால் என்ன செய்வது?

நம்மவருக்குக் கடல் வணிகத்தில் முதல் போடும் ஆசை புதிதன்று. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். கப்பல் தேடி அவர் வந்ததும் இந்தப் பம்பாய்க்குத்தான். எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக் கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தார்கள். அவர் சிறை சென்ற பின் கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. அப்பங்கை வாங்கியோர் லாபக் கணக்குப் பார்த்து வாங்கவில்லை. அவர்களை நான் தலைவணங்குகிறேன். இன்றைய விளம்பரங்களில் தேசபக்தியைக் காட்டிக் காசு கேட்பவரிடம் மட்டும் சற்று நின்று யோசிக்கலாம்.

உரணிலிருந்து நெருளுக்கு இப்போது லோக்கல் வண்டி ஓடுகிறது. நவா சேவா என்றே ஒரு ஸ்டேஷனும் இருக்கிறது. அவ்வழியே திரும்பி வடாலாவில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. தெருமுனையில், ஓய்வு பெற்ற நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவர் கையில் வண்ணத் துண்டறிக்கையுடன் நின்றார்.

“தம்பி, வாத்வண் துறைமுகம் வரப்போகுதாமே. பக்கத்திலே மனை தாரேங்கிறான். பிராவிடண்டுப் பணம் சும்மாதானே கிடக்கு?”

வாத்வண், பால்கர் ஜில்லாவில் டஹானுவுக்கு அருகே உள்ளது. கரையோரத்தில் இயற்கையாகவே சுமார் 20 மீட்டர் ஆழம். 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 76,000 கோடி ரூபாய்க்கு மேல். முதலில் 74 சதவீதம் நவா சேவாத் துறைமுகத்தாருடையது, 26 சதவீதம் மகாராஷ்டிர கடல்சார் வாரியத்தினுடையது. இவை பங்குச்சந்தையில் விற்கப்படுபவை அல்ல. எனவே நம்மவரிடம் விற்க வருவது துறைமுகமன்று; அதன் பெயரைச் சொல்லும் மண்.

“அண்ணாச்சி, அது விவசாய நிலமானால் மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதார் வாங்க முடியாது. ஆதிவாசி நிலமானால் சர்க்கார் அனுமதியின்றிக் கைமாறாது. டஹானு 1991 முதல் சுற்றுச்சூழல் கட்டுப்பாடு உள்ள தாலுகா. மீனவரும் அத்திட்டத்தை எதிர்த்து வருகிறார்கள். முதலில் ஏழு-பன்னிரண்டு உதாராவைக் கேளுங்கள். அதில் யார் பெயர், என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும்.”

“அதைக் காட்டினானே, போட்டோ பிடிச்சு வச்சிருக்கான்.”

“போட்டோ வேண்டாம். சர்வே நம்பரை வாங்கிக்கொண்டு கிராமத் தலாட்டியிடமே போய்ப் பார்ப்போம். டஹானு ரோடு வரை லோக்கல் போகிறது. வேலை நாளாகப் பார்த்து நான் லீவு போடுகிறேன்.”

அட்வான்ஸ் கொடுத்துவிட்டாரா என்று கேட்டேன். நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாராம். துண்டறிக்கையை மடித்து என்னிடம் கொடுத்து, “சர்வே நம்பர் இதிலே இல்லையே, தம்பி” என்றார்.