இரு சோதனைகள்

‘சோதனை’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் வழங்குகின்றன. இயற்பியல் மாணவனுக்கு அது கருவிகளைக் கொண்டு செய்யும் செய்முறை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அது மனிதனைத் தீமையின்பால் இழுக்கும் இழுப்பு. இரண்டாவது பொருளைக் கேட்டு வளர்ந்த நான், முதற்பொருளைக் கற்க இப்பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். இரண்டும் ஒரே பிற்பகலில், ஒரே மேசையின்மேல் என்னைச் சந்திக்கும் என்று நான் எண்ணியதே இல்லை.

என் பாட்டி அதிகம் படித்தவர் அல்லர். ஆயினும் சனிக்கிழமை இரவுதோறும் மனப்பாட வசனம் ஒன்றைச் சொல்லவைத்த பிறகுதான் எனக்குச் சோறு போடுவார். “பொருள் புரியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதால் என்ன பயன்?” என்று சலித்துக்கொள்வேன். “பசி வந்த பிறகா நெல் விதைப்பார்கள்?” என்பார் பாட்டி.

சென்ற ஆண்டு அவர் நோயில் விழுந்தார். நான் விடுதி அறையில் முழந்தாளிட்டு மன்றாடினேன். வேறு எதையும் நான் கேட்கவில்லை. அவர் உயிரை மட்டுமே கேட்டேன். இரண்டு இரவுகள் இரயிலில் பயணம் செய்து ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. திரும்பி வந்ததும், அவர் தந்திருந்த வேதப் புத்தகத்தைப் பெட்டியின் அடியில் வைத்து மூடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துக்குப் போவதையும் விட்டேன். என் ஜெபத்தைக் கேட்டவர் ஒருவர் உண்டா என்ற கேள்வி என்னை அரித்தது. ஊரில் சொன்னால் வருந்துவார்கள், விடுதியில் சொன்னால் நகைப்பார்கள் என்று எண்ணி, ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்த நாட்களில்தான் நியூட்டன் வளையச் சோதனை வந்தது. சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியில் தோன்றும் வட்டங்களை நகர்நுண்ணோக்கியால் அளந்து, அந்த ஒளியின் அலைநீளத்தைக் கணக்கிட வேண்டும். விடை 5893 ஆங்ஸ்ட்ராம் என்பது எல்லோரும் அறிந்ததே. எனக்கோ 6,200ஐத் தாண்டி வந்தது. மறுபடியும் கணக்கிட்டேன், அதே விடைதான். மணி ஐந்தாகப் போகிறது. பக்கத்து மேசையில் சென்ற ஆண்டு மாணவர் ஒருவரின் ரிக்கார்டு நோட்டு திறந்தபடி கிடந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

ஐயம் எவ்வாறு தீமைக்கு வாயில் திறக்கிறது என்பதை அன்று கண்டேன். கேட்பவர் ஒருவரும் இல்லையென்றால், பார்ப்பவர் மட்டும் எங்கிருந்து வருவார்? இவ்வாறு ஒரு வாதம். அதைவிட வேடிக்கை, அடுத்து வந்த வாதம் வேதத்திலிருந்தே வந்தது! ஆண்டவர் மன்னிக்கிறவர் அல்லவா? ஏழு எழுபது முறை மன்னிக்கச் சொன்னவர், நாலு எண்களை மாற்றி எழுதியதற்கா தண்டிப்பார்? பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்போது பாட்டி சொல்லிக்கொடுத்த வனாந்தரக் கதை நினைவுக்கு வந்தது. இயேசு நாற்பது நாள் உபவாசமிருந்து பசித்திருந்த வேளையில் சாத்தான் வருகிறான். அவன் வெறுங்கையோடு வரவில்லை. ஆலயத்தின் உச்சியில் நின்று 91ஆம் சங்கீதத்தையே எடுத்துக் காட்டுகிறான். இயேசுவோ மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே விடை கூறுகிறார். அங்கே கையில் ஏடு இல்லை, நெஞ்சில் இருந்தது. வசனத்தை அறிந்திருப்பது மட்டும் காவல் ஆகாது. அதைச் சாத்தானும் அறிவான். தனக்கு வசதியான ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுப்பவன் அவன். முழுவதற்கும் கீழ்ப்படிகிறவர் இயேசு. நான் யாருடைய முறையில் வேதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது சுருக்கென்று தைத்தது. பேனாவை மூடினேன். என் எண்களையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வானம் திறக்கவில்லை, மதிப்பெண் குறைந்தது. ஆனால் மறுவாரம் எங்கள் விரிவுரையாளர் என் அளவுகளைப் பார்த்துவிட்டு, “நுண்ணோக்கியைப் பாதியில் திருப்பித் திருகினாயா?” என்று கேட்டார். ஆம் என்றேன். திருகின் மரைகளுக்கிடையே சிறிது தளர்ச்சி இருக்கும். திசையை மாற்றினால், சிறிது தூரம் திருகு சுழலுமேயன்றி நுண்ணோக்கி நகராது. ஆகவே ஒரே திசையில் திருகிக்கொண்டே அளக்க வேண்டும் என்று விளக்கினார். பிழையை மறைத்திருந்தால் அதன் காரணத்தை நான் என்றும் அறிந்திருக்க மாட்டேன்.

அன்றிரவு ஒன்று தோன்றியது. நோட்டில் மறைக்கத் துணியாத பிழையை நெஞ்சில் மட்டும் ஏன் மறைத்து வைத்திருக்கிறேன்? பெட்டியின் அடியிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்தேன். தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறியது. சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் நம் மொழியைக் கற்று அதைப் பெயர்த்தார். தமிழ் ஒலி அரிதாகவே காதில் விழும் இவ்வூரில், பாட்டியின் குரலையே அந்தப் பக்கங்களில் கேட்டேன்.

என் ஐயத்தை அந்த நூல் என்னைவிட முன்பே அறிந்திருந்தது. 88ஆம் சங்கீதம் இரவும் பகலும் கூப்பிட்டும் விடை கிடைக்காதவனின் புலம்பல். ஆறுதல் இன்றியே அது முடிகிறது. ஆயினும் அவன் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. சிறையிலிருந்த யோவான் ஸ்நானகன், வரவேண்டியவர் நீர்தாமா என்று இயேசுவிடமே ஆளனுப்பிக் கேட்டான். இயேசு அவனைக் கடியவில்லை. கேட்டதையும் கண்டதையும் அவனுக்கு அறிவிக்கச் சொல்லி அனுப்பினார். காயங்களைக் காணாமல் நம்பமாட்டேன் என்ற தோமாவுக்கு அவற்றையே காட்டினார். சென்னைப் பரங்கிமலையில் உயிர் கொடுத்தவர் அந்தத் தோமாவே என்பது நம் நாட்டு மரபு. ஐயப்பட்டவர்தாம் அவ்வளவு தூரம் வந்தார்!

ஐயம் எழுவது குற்றமன்று என்பதே நான் கற்ற பாடம். அதை ஆண்டவரிடம் கொண்டுபோகாமல் இருட்டில் பூட்டி வைப்பதுதான் ஆபத்து. பூட்டிய அறைக்குள் சோதனைக்காரன் எளிதில் புகுந்துவிடுகிறான். பாட்டி ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை இப்போது முழந்தாளில் நின்றே கேட்கிறேன்.

இவ்விடுதிகளில் என்னைப் போலவே மௌனமாகப் போராடும் நண்பர்கள் இருக்கலாம். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. நாள்தோறும் ஓர் அதிகாரம் படியுங்கள்; ஒரு வசனத்தையாவது நெஞ்சில் பதியுங்கள். இன்று அது பயனற்றதாகத் தோன்றலாம். விதைக்கும் நாளில் எந்த நெல்லும் பசி தீர்ப்பதில்லை.