கால் எலும்புக் கணக்கு

அரியலூர் என்றதும் என் அப்பாவின் தலைமுறைக்கு 1956 ரயில் விபத்தும் லால் பகதூர் சாஸ்திரியின் ராஜினாமாவும் ஞாபகத்துக்கு வரும். உங்களுக்கு சிமென்ட் வரலாம். எனக்கு ஒரு கால் எலும்பு. நான் அதைப் பார்த்ததில்லை. இனி யாரும் பார்க்கவும் முடியாது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும், அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு 1980-களின் கடைசியில் 'ப்ருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடம்புள்ள பல்லி என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். உங்கள் வீட்டு வாசக்கால் உயரம்! முதலில் மாமிசம் தின்பது என்றார்கள். பிறகு நீளக் கழுத்து சைவம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

ஓர் எலும்பை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும் என்கிறீர்களா? நிறைய. பிராணியின் சைஸ் தெரிந்தால் பாதி ஜாதகம் தெரிந்த மாதிரி. 1932-ல் மாக்ஸ் க்ளைபர் என்ற விஞ்ஞானி, சின்னதும் பெரிதுமாகப் பல பிராணிகளின் மெட்டபாலிசத்தை ஒப்பிட்டார். எடை 10,000 மடங்கு ஏறினால், உடம்பு எரிக்கிற சக்தி சுமார் 1,000 மடங்குதான் ஏறுகிறது.

இதை யானைக்கும் சுண்டெலிக்கும் போட்டுப் பாருங்கள். நாலு டன் யானைக்குச் சரியாக எடை கட்ட 20 கிராம் எலிகள் இரண்டு லட்சம் வேண்டும். ஆனால் யானையின் சக்திச் செலவு சுமார் 9,500 எலிகளுடையதுதான். கிராமுக்குக் கிராம் பார்த்தால் எலி இருபது மடங்கு ஊதாரி. அதனால்தான் அதன் இதயம் நிமிஷத்துக்கு ஐந்நூறு, அறுநூறு தடவை அடித்துக்கொள்கிறது. இரண்டு மூன்று வருஷத்தில் கதை முடிந்துவிடுகிறது. யானைக்கு முப்பது துடிப்பு, அறுபது வயசு. கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் ஆயுள் துடிப்பு நூறு கோடிக்குப் பக்கத்தில் வரும். மனிதனுக்கு மட்டும் இருநூறு கோடிக்கு மேல் போனஸ்.

இப்போது நம் அரியலூர்க்காரர். நூறு டன்னுக்கு மேல் என்று 2023-ல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. நூறு என்றே வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து யானை எடை. நம்மைப் போல் உஷ்ண ரத்தம் என்றால், பதினோரு யானைச் சாப்பாடு போதும்: தினம் ஒன்றரை டன் தழை. மெல்ல ஏது நேரம்? இந்த ஜாதி மெல்லாது. நின்ற இடத்திலிருந்தே கழுத்தை வீசி, அப்படியே விழுங்கிவிடும். பெரிய வயிறு மெதுவாகப் பார்த்துக்கொள்ளும்.

பெரிய உடம்பு, கிலோவுக்குச் சிக்கனம். சிக்கல் எங்கே என்றால், 6.6 கோடி வருஷத்துக்கு முன் விண்கல் விழுந்து தழையே இல்லாமல் போனபோது, சிக்கனக்காரருக்கும் தினம் ஒன்றரை டன் வேண்டியிருந்தது. ஊதாரி எலி சைஸில் இருந்த நம் மூதாதையருக்கோ நாலு பூச்சி, கொஞ்சம் விதை போதும். பிழைத்தார்கள். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள்.

இத்தனை கணக்குக்கும் ஆதாரம் அந்த இரண்டு மீட்டர். தோண்டி எடுத்தபின் அது தாக்குப்பிடிக்கவில்லை, உதிர்ந்துவிட்டது. மிச்சம் அளவுகள், படங்கள், 2022-ல் வெளியான பழைய போட்டோக்கள். 'அது எலும்பே இல்லை, கல்லான மரம்' என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். அபாண்டம் என்று ஒதுக்க முடியாது. பக்கத்திலேயே பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் வேலிக்குள் பத்திரமாகக் கிடக்கிறது. மரத்தைக் காப்பாற்றிவிட்டோம், மிருகத்தை விட்டுவிட்டோம்.

யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. பத்து வயசில் பெரம்பலூர் மாமா காரை கிராமத்துப் பக்கம் கூட்டிப்போனபோது, நத்தை மாதிரிச் சுருண்ட கல் ஒன்று கிடைத்தது. அம்மோனைட், அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. பேப்பர் வெயிட்டாக வைத்திருந்தேன். வீடு மாறியபோது எங்கேயோ போயிற்று. "கல்லுதானேடா" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அரியலூர் பக்கம் போனால் வாரணவாசியில் புதைபடிம அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிப்போங்கள். அந்தப் பக்கத்தில் விசித்திரமான கல் எதையாவது அவர்கள் காட்டினால், கிடந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, அங்கே ஒருவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.