நேரம் பார்த்துச் சாப்பிட வேண்டிய ஊர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பெட்டியில் வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். அடுப்பு எரிகிற கடையைத் தேடிப்போய் அங்கேயே நின்று சாப்பிடுகிறவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அகலமான இரும்புச் சட்டி, புளிய விறகு, பசும்பால், சர்க்கரை. அவ்வளவுதான் சாமான். பால் சுண்டச் சுண்ட அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அனலுக்கு முன்னால் நிற்கிறவரின் கைப்பக்குவம்தான் மிச்சமெல்லாம். இறக்கிய சூட்டில் கோவா இளகலாக, நாக்கில் மணல் மணலாக, லேசான புகை வாசனையோடு இருக்கும். மறுநாள் இறுகிவிடும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பண்டம்.

"அண்ணாச்சி, இப்பத்தான் எறக்குனது, நூறு கிராம் தரட்டுமா?" என்று கேட்டால் யோசிக்காமல் தலையாட்டிவிட வேண்டும்.

2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காப்பாற்ற அது உதவும். பாலையும் விறகையும் காப்பாற்ற வேண்டியது கடைக்காரர்கள்தான். பால் கூட்டுறவுச் சங்கத்துக் கோவாவுக்கென்றே வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த ஊருக்குப் பால் இனிப்பு புதிதல்ல. அழகர்கோவில் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொண்டவள் இந்த ஊர் ஆண்டாள். அந்த நேர்த்திக்கடனை ராமானுஜர் செலுத்தினார் என்றும், அதனால் அவரை 'அண்ணா' என்று அழைத்தாள் என்றும் சொல்வார்கள். அந்த அடிசிலுக்கு உரிய நாள் மார்கழி 27, கூடாரவல்லி. அரிசி பாலில் குழைந்து, வெல்லமும் நெய்யும் சேர்ந்து வருகிற அடிசில். அன்று இந்த ஊரில் இருக்கக் கொடுத்துவைக்க வேண்டும்.

ராஜபாளையம் பக்கத்திலேயே இருக்கிறது. பஸ் ஏறினால் அரை மணி நேரம். சாப்பாட்டு நேரம் மட்டும் வேறு. இது மில் ஊர். பொழுது சாய்ந்த பிறகுதான் பரோட்டாக் கல்லுக்கு உயிர் வருகிறது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா ஒரு பக்கம், செங்கோட்டைப் பக்கத்துக் கோழி ருசி மறுபக்கம். நடுவில் இருக்கிற ஊருக்கு இரண்டும் வந்து சேர்ந்துவிடும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி, ஊற விட்டுச் சாப்பிட வேண்டும். தொட்டுச் சாப்பிட்டால் பாதி ருசிதான். கூட ஒரு மட்டன் சுக்கா. பார்சல் வாங்கிப் போனால் மொறுமொறுப்பு வழியிலேயே போய்விடும், வேண்டாம்.

கோடையில் வந்தால் மாம்பழம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டையும் பஞ்சவர்ணமும் சந்தைக்கு இறங்கும். வெளியூர்களில் இந்தப் பெயர்களைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. பஞ்சவர்ணம் பார்வைக்கு அழகு. என் ஓட்டு சப்பட்டைக்கு. நறுக்காமல், கசக்கி உறிஞ்சுங்கள்.