தோப்பு வீடு

தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டி 1962இல் எங்கள் தாத்தா ஓர் ஓட்டு வீடு வாங்கினார். மாயவரத்தில் நெல் மண்டி வைத்திருந்தவர், சொந்தச் சம்பாத்தியம். மே மாதம் பிறந்தால் பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அத்தை என நான்கு குடும்பங்களும் மூட்டை முடிச்சோடு அங்கே போய்விடுவோம். மொத்தம் இருபத்திரண்டு பேர். எங்களுக்கு அது தோப்பு வீடு.

என் முதல் தொகுப்பில் அந்த வீட்டைப் பற்றி ஏழு கவிதைகள் இருக்கின்றன. சவுக்குக் காற்றின் இரைச்சல், ஈரமணலில் நண்டு வளை, திண்ணையில் தாத்தாவின் சாய்வு நாற்காலி எல்லாம் உண்டு. அடுப்படி இல்லை. அது இல்லை என்பதே எனக்குத் தெரியாது. கண்புரை அறுவைக்குப் பிறகு புத்தகத்தை நிதானமாகப் படித்து முடித்த அம்மாதான் சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நான் அங்க கடலப் பாத்ததே இல்லடி."

கல்யாணமாகி வந்த 1976 முதல் பதினெட்டு மே மாதங்கள். கடல் அரை மைல்தான். அலைச் சத்தத்தைக் கேட்டபடிதான் எல்லோரும் தூங்குவோம்.

அம்மாவின் தோப்பு வீடு வேறு. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் துவரம்பருப்பு வேகாது. விடியுமுன் அம்மாவும் பெரியம்மாவும் சித்தியும், பிறந்த வீட்டுக்கு விருந்தாட வந்த அத்தையும் குடத்தோடு தெருக்கோடி நல்ல தண்ணீர்க் குழாய்க்குப் போவார்கள். சவுக்கு மிளார் சட்டென்று பற்றும், சட்டென்று அணையும். பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். ஏழு மணிக்கு மீன்காரம்மா கூடையை இறக்குவார். ஆய்ந்து அலசி முடிக்கப் பதினொன்றாகிவிடும். கடலில் குளித்துவிட்டு ஆண்கள் திரும்பும்போது குழம்பு கொதித்திருக்கவேண்டும். மாலையில் அப்பாக்கள் எங்களைக் கரைக்கு அழைத்துப் போவார்கள். "நீங்க போய்ட்டு வாங்க" என்பார் அம்மா. மறுநாள் இட்லிக்கு ஆட்டுக்கல்லில் மாவாட்ட வேண்டும்.

வகுப்பில் நெய்தல் திணை நடத்துகிறேன். அதன் உரிப்பொருள் இரங்கல். கடல் வழியாகப் பிரியும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்கிறது தொல்காப்பியம். ஆண் கடல் கடப்பான், பெண் கரையில் நின்று வருந்துவாள். இருபது வருடங்களாக மாணவிகளுக்கு இதை விளக்கி வருகிறேன். கரைக்கே வராத பெண்ணுக்கு எந்தத் திணை என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. மீன்காரம்மாவுக்கோ கரைதான் பிழைப்பு. ஏலத்துக்கும் கூடைக்கும் நடுவே நின்று வேடிக்கை பார்க்க அவருக்கும் நேரம் இருந்திருக்காது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தோப்பு வேலியைத் தாண்டி முற்றம்வரை வந்தது. கரையோரக் குப்பங்களில் போன உயிர்களுக்கு முன்னால் எங்கள் இழப்பு ஒன்றுமேயில்லை. அதன்பின் வீடு பூட்டியே கிடந்தது. போன வருடம் விடுதி கட்ட ஒருவர் நல்ல விலை சொன்னார். அப்போதுதான் எல்லோருக்கும் அத்தையின் ஞாபகம் வந்தது. விற்க அவர் கையெழுத்து வேண்டும். விடுதலைப் பத்திரம் தயாராயிற்று. பட்டுப்புடவையோடு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

தாத்தா 1998இல் உயில் எழுதாமல் இறந்தார். அவரே சம்பாதித்த சொத்து. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அதில் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்கமுடியாது என்றது. மகள் அந்த வீட்டில் தங்கவேண்டுமென்றால் மணமாகாதவளாகவோ, கைவிடப்பட்டவளாகவோ, கணவனைப் பிரிந்தவளாகவோ, இழந்தவளாகவோ இருக்கவேண்டும். நன்றாக வாழும் மகளுக்குப் பிறந்த வீட்டில் இடமில்லை. 2005இல்தான் இந்தப் பிரிவை நீக்கினார்கள்.

இதையெல்லாம் யாரும் அத்தையிடம் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அத்தை ஒரே கேள்விதான் கேட்டார்:

"சட்டம் சரிதான் பாப்பா. கையெழுத்துப் போடலேன்னா, நாளைக்கு நான் செத்தா பொறந்த வீட்டுக் கோடி யாருடி கொண்டாருவா?"

என்னிடம் பதில் இல்லை. எந்தச் சட்டப்பிரிவிலும் இல்லை. பங்கை விட்டுக்கொடுத்துத்தான் அண்ணன் தம்பியின் வரவைப் பெண்கள் தக்கவைத்துக்கொள்கிறார்கள் என்று கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்து அத்தை கேட்டபோது அது வேறாக இருந்தது. என் பக்கமும் சுத்தமில்லை. அத்தை விட்டுக்கொடுத்தால் கூடுவது அப்பாவின் பங்கு. ஒரு நாள் அது எனக்கும் தம்பிக்கும்தான் வரும். அத்தையிடம் போய்ப் பேசியதற்காக அப்பா மூன்று மாதமாக என்னோடு பேசவில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் அம்மாவையும் காரில் அழைத்துப் போனேன். கட்டுச்சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தரங்கம்பாடியில் ஓட்டலில் சாப்பிட்டோம். தோப்பு வீட்டைத் திறக்கவில்லை. அதைக் கடந்து, மூட்டுவலிக்காக இரண்டு இடத்தில் நின்று, மெல்ல நடந்தோம். அப்படியும் அரை மணி நேரம் ஆகவில்லை.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் நனையும் தண்ணீரில் நின்றார். வெகுநேரம் கழித்துத் திரும்பிக் கேட்டார்:

"இவ்ளோ கிட்டத்துலயா அண்ணி இருந்துச்சு?"

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டடி உள்ளே போனார்.

பத்திரம் இன்னும் அத்தையின் பீரோவில்தான் இருக்கிறது, கையெழுத்தில்லாமல். அந்தப் பட்டுப்புடவையும் பிரிக்காமல் பக்கத்திலேயே இருக்கிறது.