துப்பறிவாளர் கதையிலும் ஓட்டைகள்

மெக்சிகோவில் விடுமுறையைக் கழித்துவிட்டு மனநல மருத்துவர் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள தம் வீட்டுக்குத் திரும்புகிறார். கதவைத் திறந்து உள்ளே வருகிறார். அங்கே கசங்கிய மழைக்கோட்டு அணிந்த காவல்துறை அதிகாரி ஒருவர் காத்திருக்கிறார். மனைவியைத் தாக்கிவிட்டுப் பயணம் போனவர் அந்த மருத்துவர்தான். திருடர்கள் வந்து போனதைப் போல வீட்டைக் கலைத்து வைத்திருந்தார். சாட்சிகளையும் ஏற்பாடு செய்திருந்தார். ஆனால், ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். வீட்டுக்குள் நுழைந்தவர் மனைவியைக் கூப்பிடவே இல்லை. உள்ளே அவர் இல்லை என்பது முன்பே தெரிந்தவர்தானே அப்படி வருவார்!

1968இல் வெளிவந்த இந்தப் படத்தில்தான் பீட்டர் ஃபால்க் முதன்முதலாக லெப்டினன்ட் கொலம்போவாக நடித்தார். அதன் பிறகு வந்த கொலம்போ தொடரிலும் இதே முறைதான். கொலையாளி யார் என்பது பார்வையாளருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். கொலையாளி ஒரு கதையைக் கட்டுவார். கொலம்போ அந்தக் கதையிலுள்ள ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார். அவ்வளவுதான்.

பிறர் கதையில் ஓட்டை தேடுகிறவரின் சொந்தக் கதையில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? கொலம்போவிடம் முதற்பெயரைக் கேட்டால், “லெப்டினன்ட்” என்றுதான் பதில் வரும். தொடரில் எவரும் அதை உரைத்ததில்லை. ஆனால், 1971இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் அவர் நீட்டும் அடையாள அட்டையில் ‘ஃபிராங்க்’ என்று எழுதியிருக்கிறது. அக்காலத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் அது மறைந்துபோயிருக்கும். பிற்காலத்தில் படத்தை நிறுத்திப் பார்க்கும் வசதி வந்தபின் ரசிகர்கள் அதைப் பிடித்துவிட்டார்கள். கொலம்போவிடம் கற்ற பாடத்தை அவரிடமே காட்டிவிட்டார்கள் எனலாம்.

இத்தகைய பிழைகள் ஏன் ஏற்படுகின்றன? நாடகக் காட்சிகளைக் கதையின் வரிசைப்படி படமெடுப்பதில்லை. ஒரே வீட்டில் நடக்கும் காட்சிகளை எல்லாம், கதையில் அவை எங்கு வந்தாலும், ஒன்றாகச் சேர்த்து எடுத்துவிடுவார்கள். ஓர் உரையாடலையே முதலில் ஒருவர் முகத்தைக் காட்டியும், பிறகு மற்றவர் முகத்தைக் காட்டியும் பலமுறை எடுப்பார்கள். இதற்குள் கோப்பையிலுள்ள தேநீர் குறையும். சட்டைப் பொத்தான் கழன்றிருக்கும். சுவர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். இவற்றைக் கவனித்துக் குறிப்பெழுதுவதற்கென்றே படப்பிடிப்புக் குழுவில் ஒருவர் இருப்பார். அவர் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், நடிப்பு சிறப்பாக அமைந்த காட்சியில் கோப்பை இடம் மாறியிருந்தால், படத்தொகுப்பாளர் பெரும்பாலும் நடிப்பின் பக்கமே சாய்வார். அது சரியும்கூட.

குடும்ப நாடகத்தில் கோப்பை இடம் மாறினால் எவரும் பொருட்படுத்துவதில்லை. மர்ம நாடகத்திலோ, “கோப்பையை நகர்த்தியவர் யார்?” என்று பார்வையாளர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். அங்கே ஒவ்வொரு பொருளும் துப்பாக இருக்கக்கூடும். கவனக்குறைவால் நேர்ந்த பிழை அவரை அரை மணி நேரம் தவறான வழியில் அலையவிடும். கூர்ந்து பார்ப்பவருக்கே அதிக ஏமாற்றம் என்பதுதான் இதிலுள்ள வருத்தம்.

சில மாற்றங்களைத் தவிர்க்கவே முடியாது. ஜெரமி பிரெட் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த பிரிட்டிஷ் தொடர் 1984இல் தொடங்கியது. அதில் ஹோம்ஸ் அருவியில் விழுந்து இறந்துவிட்டதாக நண்பர் வாட்சன் நம்புகிறார். மூன்றாண்டுகள் கழித்து ஹோம்ஸ் உயிரோடு வந்து நிற்கிறார். அதற்குள் வாட்சனாக நடித்தவர் விலகி, வேறொருவர் அந்த வேடத்தை ஏற்றிருந்தார். செத்துப் பிழைத்தவரின் முகம் அப்படியே இருக்க, உயிரோடிருந்தவரின் முகம் மாறிப்போனது! ரசிகர்கள் அதை மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள்.

கதையிலேயே உள்ள ஓட்டை வேறு வகை. ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1892இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற கதையில், கொலையாளி ஓர் இந்திய விரியன் பாம்புக்குப் பால் வைத்துப் பழக்கி, சீழ்க்கை அடித்துத் திரும்ப அழைக்கிறான். பாம்புக்குப் பால் உணவன்று. அதற்குப் புறச்செவியும் இல்லை. புற்றுக்குப் பால் வார்க்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், இருட்டறையில் ஹோம்ஸ் காத்திருக்கும் அந்த நேரத்தில் விலங்கியல் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

டாயில் வாட்சனின் காயத்திலும் குழப்பிவிட்டார். 1887இல் வந்த முதல் நாவலில், போரில் குண்டு பாய்ந்தது தோளில். 1890இல் வந்த அடுத்த நாவலில் காயம் காலுக்கு இறங்கிவிட்டது. வாசகர்கள் இதற்கு எத்தனையோ விளக்கம் சொல்லிப் பார்த்தார்கள். 2010இல் பிபிசி தயாரித்த ‘ஷெர்லாக்’ தொடர் அந்தப் பழைய பிழையை அழகாகப் பயன்படுத்திக்கொண்டது. அதில் வாட்சன் ஊன்றுகோலுடன் நொண்டி நடப்பார். குண்டு பட்டதோ தோளில். காலில் குறையொன்றும் இல்லை, மனத்தில்தான் என்று ஷெர்லாக் கண்டுபிடிக்கிறார். அன்றிரவே ஒரு டாக்சியைத் துரத்திக்கொண்டு இருவரும் ஓடுகிறார்கள். ஊன்றுகோலை உணவகத்திலேயே விட்டு வந்தது வாட்சனுக்கு அப்போது நினைவில்லை. நூறாண்டுக்கு மேலாக இருந்த ஓர் ஓட்டை, இருவரின் நட்பு தொடங்கும் இடமாக மாறியது.

இவ்வளவு நுட்பமாகத் தொடங்கிய அதே தொடர் 2017இல் என்ன செய்தது? நான்காம் பருவத்தின் இறுதிப் பகுதியில் வாட்சன் ஒரு கிணற்றின் அடியில் கிடக்கிறார். கால்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் மட்டம் உயர்ந்துகொண்டே வருகிறது. கடைசி நேரத்தில் மேலிருந்து ஒரு கயிறு இறங்குகிறது. அடுத்த காட்சியில் அவர் தரையில் நின்றுகொண்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது இதுதான். மருத்துவர் மனைவியைக் கூப்பிடாததைக் கொலம்போ கவனித்தார். கயிற்றைப் பிடித்து மேலே வந்தவரிடம், சங்கிலியை அறுத்தது யார் என்று ஷெர்லாக் ஹோம்ஸ்கூடக் கேட்கவில்லை.