அப்பா சொன்ன தீவு

அன்புள்ள தம்பி சேகருக்கு,

உன் நலத்தைப் பற்றிக் கமலா போன வாரமே போனில் சொல்லிவிட்டாள். சர்க்கரை 240. ஓய்வு பெற்றதிலிருந்து வாசல் திண்ணையைத் தாண்டுவதில்லையாம். நாகூருக்குக்கூட அவள் தனியாகத்தான் பஸ் ஏறிப் போய் வருகிறாளாம். போனில் திட்டினால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் படி.

போன வருஷம் நீ இங்கே சிங்கப்பூருக்கு வந்திருந்த பத்து நாளும் என் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. முஸ்தபா கடை, செந்தோசா, நாலு மால். ஊருக்குக் கிளம்பும்போது விமான நிலையத்தில், "எல்லாம் கண்ணாடியா இருக்குக்கா, மூச்சு முட்டுது" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. நீ சொன்னது நிஜம் என்பது பிறகுதான் புரிந்தது. நாற்பத்து நாலு வருஷமாக இங்கே இருக்கிறேன், நானே இந்த ஊரின் கடலைச் சரியாகப் பார்த்ததில்லை. நாகப்பட்டினத்தில் பிறந்தவள் சொல்கிற பேச்சா இது?

போன மாதம் பேரன் கவின் என்னை செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அழைத்துப் போனான். மரினா சவுத் படகுத்துறையில் ஏறினால் அரை மணி நேரம்தான். நங்கூரமிட்ட கப்பல்களுக்கு நடுவே படகு போகிறது. திரும்பிப் பார்த்தால் நகரத்துக் கட்டடங்கள் தீப்பெட்டி அடுக்கியதுபோலச் சிறுத்துக்கொண்டே வருகின்றன. இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது காற்றும் பறவைச் சத்தமும்தான். மரத்தடி எங்கும் பூனைகள். நல்ல நிழல்.

அங்கே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், தம்பி. 1874-லிருந்து அந்தத் தீவு நோய்த் தடுப்பு முகாமாக இருந்ததாம். காலரா, அம்மை கண்ட கப்பல்களில் வந்தவர்களை ஊருக்குள் விடாமல் அங்கே இறக்கி, துணிமணியை ஆவியில் வேகவைத்து, ஊசி போட்டு, நாள் கணக்கில் வைத்திருந்துதான் அனுப்புவார்களாம். சீனாவிலிருந்து வந்தவர்கள், ஹஜ் போய்த் திரும்பியவர்கள், நம் பக்கத்திலிருந்து மேல்தளத்தில் சுருண்டு படுத்து வந்தவர்கள், எல்லோரும்.

அதைக் கவின் படித்துக் காட்டக் காட்ட எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. காய்ச்சலில் கிடக்கும்போதெல்லாம் அப்பா முனகுவாரே, "தீவுல விட்டுட்டாங்க, தீவுல விட்டுட்டாங்க" என்று? நீயும் நானும் அதைப் பிதற்றல் என்று நினைத்தோம். அம்மா மட்டும் நெற்றியில் துணியை நனைத்துப் போட்டுக்கொண்டே, "அது முடிஞ்சு போச்சுங்க" என்பாள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா 1952-ல் ரஜூலா கப்பலில் வந்தவர். கப்பலில் யாருக்கோ அம்மை கண்டதாக ஒருமுறை சொல்லியிருக்கிறார், நினைவிருக்கிறதா? மீதியை அவர் சொல்லவும் இல்லை, நாம் கேட்கவும் இல்லை.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கவின் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அப்பா மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல் எப்போதும் உண்டு. நீ பிறந்தபோது அவர் இங்கே. உன் முகத்தை அவர் முதலில் பார்த்தது உனக்கு மூன்று வயதாகும்போது. அம்மா தனியாகக் கிடந்து பட்டதை நான்தான் பார்த்தேன். பெட்டி நிறையக் கோடாலித் தைலமும் சட்டைத் துணியும் கொண்டுவந்தால் ஆயிற்றா என்று நினைப்பேன். ஆனால் இருபது வயதுப் பையன், பாஷை தெரியாத இடத்தில், எதிரே ஊர் விளக்கு தெரிந்தும் போகவிடாமல் உட்காரவைக்கப்பட்டிருக்கிறான். அந்தக் கரையில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்குள் ஏதோ இறங்கியது. 1981-ல் சிதம்பரம் கப்பலில் கல்யாணப் புடவையோடு நான் வந்தபோதும் அந்தப் பக்கமாகத்தான் கடந்திருப்பேன். பார்த்திருந்தாலும் ஏதோ ஒரு பச்சைத் திட்டு என்றுதான் நினைத்திருப்பேன்.

அந்தத் தீவில் ஒரு காலத்தில் அரசியல் கைதிகளையும் வைத்திருந்திருக்கிறார்கள். தேவன் நாயர் அங்கே அடைபட்டிருந்தவர். நான் இங்கே வந்த அதே வருஷம்தான் அவர் அதிபரானார். அபின் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கான இல்லமும் அங்கே இருந்தது. இத்தனை பேர் காத்துக் கிடந்த மண்ணில் இப்போது பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அதைப் பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. பக்கத்து லாசரஸ் தீவுக்கு ஒரு பாதை போட்டு இணைத்திருக்கிறார்கள். பிறை மாதிரி வளைந்த வெள்ளை மணல். அதில் வெறுங்காலோடு நடந்தேன், முட்டி வலியே தெரியவில்லை.

அன்றைக்கே குசு தீவிலும் இறங்கினோம். குசு என்றால் ஹொக்கியன் மொழியில் ஆமை. கப்பல் உடைந்து தத்தளித்த ஒரு மலாய்க்காரரையும் ஒரு சீனரையும் காப்பாற்ற ஆமை ஒன்று தீவாக மாறிக் கிடந்ததாம். கீழே சீனக் கோயில், 1923-ல் கட்டியது. 152 படி ஏறினால் மேலே மலாய் முஸ்லிம் பெரியவர்களின் அடக்கத்தலம். 2022-ல் அது தீப்பிடித்து எரிந்துபோனதைக் கவின் சொன்னபோது வருத்தமாக இருந்தது. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் கூட்டம் கூட்டமாக வருவார்களாம். எனக்கு நம் நாகூர்க் கந்தூரிதான் ஞாபகம் வந்தது. அம்மா உன் முதல் முடியை அங்கேதானே இறக்கினாள்?

அதற்கு அடுத்த வாரம் நானே கேட்டுப் போனது புலாவ் உபின். சாங்கியில் போய் நிற்க வேண்டும், பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகை எடுத்துவிடுவார்கள். கருங்கல் தீவு அது. ஜொகூர் பாலத்துக்குக்கூட அங்கே வெட்டிய கல் போயிருக்கிறது. கடைசிக் குவாரியை 1999-ல் மூடினார்கள். இப்போது அந்தப் பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. தகரக் கூரை வீடு, கோழி, பலா மரம் என்று நம் பெரியம்மா வீட்டுக் கொல்லை மாதிரியே இருக்கிறது. இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே பறந்தது. அதன் இறக்கைச் சத்தத்தை நீ கேட்க வேண்டும், யாரோ பாயை உதறுவதுபோல இருக்கும். காட்டுப்பன்றி வரும், கையில் தின்பண்டப் பை வைத்துக்கொள்ளாதே.

அந்தத் தீவின் கிழக்கு ஓரம் செக் ஜாவா. கடல் வற்றும்போது நட்சத்திர மீன், ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டு, சேற்றில் துள்ளும் மீன் எல்லாம் வெளியே வரும். அலையாத்தி மரங்களின் நடுவே மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் மாமாவோடு முத்துப்பேட்டைக் காயலுக்குப் படகில் போனோமே, அதே வாசனை. இந்த இடத்தை மண்ணைக் கொட்டி நிரப்புவதாக இருந்தார்கள். இயற்கையில் ஆர்வமுள்ள சிலர் பார்த்து, படம் எடுத்து, ஊருக்குச் சொல்ல, ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்துக் கடிதம் எழுத, 2001 டிசம்பரில் அந்தத் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். நிலம் தேவைப்படாதவரை தொட மாட்டோம் என்றுதான் பேச்சு. அதனால்தான் சொல்கிறேன், எதையும் அப்புறம் பார்க்கலாம் என்று விடாதே.

மாசியில் வா. மழை குறைந்திருக்கும். திருச்சியிலிருந்து விமானத்தில் சுமார் நாலு மணி நேரம்தான். கமலாவையும் அழைத்து வா, அவளுக்கு சுங்கை பூலோ சதுப்பு நிலத்தைக் காட்ட வேண்டும். கோடியக்கரைக்கு வருகிற மாதிரி அங்கேயும் தூரதேசத்துப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும். நல்ல செருப்பு, தொப்பி, மாத்திரை. தீவுகளில் வெயில் நம்மூர் வெயில் மாதிரிதான், ஆனால் புழுக்கம் அதிகம். இன்றிலிருந்தே காலையில் கடற்கரை வரை நட. உனக்கு 63, எனக்கு 67. அந்த 152 படியில் நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன், அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இன்னொன்று. அப்பாவின் தகரப் பெட்டி பரணில்தானே இருக்கிறது? அடியில் செய்தித்தாளுக்குக் கீழே பழைய காகிதங்கள் வைத்திருப்பார். ஊசி போட்டதற்கோ தீவிலிருந்து விட்டதற்கோ ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று பொறுமையாகப் பார். பூச்சி அரித்திருந்தால் உதறாதே, அப்படியே பிளாஸ்டிக் உறையில் போடு. சாவி அம்மாவின் பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருக்கும். பார்த்ததும் போன் செய், ராத்திரி எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் அக்கா